ஸ்பீக்கர் உறுமலும் கேபிள் டிவி ஒயரும்

பாட்டு எதுவும் ஓடாத நேரத்திலும் ஸ்பீக்கரில் விடாமல் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்டால், பெரும்பாலானோர் முதலில் சந்தேகப்படுவது ஆம்ப்ளிஃபயரைத்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆம்ப்ளிஃபயர், மேசைக் கணினி, தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ் ஆகிய நான்கும் ஒயர்களால் பிணைந்து கிடக்கின்றன. அங்கே கிளம்பிய உறுமலைத் தேடிப் பிடித்த பிறகு எனக்கு உறுதியானது இதுதான்: குறை ஒரு கருவிக்குள் இருப்பதைவிட, இரண்டு கருவிகள் சேரும் இடத்தில் இருப்பதே அதிகம். ஆகவே கடைக்குப் போய் எதையும் வாங்குவதற்கு முன், ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் வால்யூம் குமிழைத் திருகிப் பார்ப்பது நல்லது. வால்யூமைக் கூட்டக் கூட உறுமலும் கூடினால், அது பாட்டு வரும் வழியிலேயே உள்ளே நுழைகிறது என்று பொருள். குமிழ் எந்த நிலையில் இருந்தாலும் உறுமல் ஒரே அளவில் நின்றால், குமிழைத் தாண்டிய பகுதியையோ பவர் சப்ளையையோ சந்தேகிக்கலாம். ஒலியின் தன்மையும் துப்புக் கொடுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், எர்த் சம்பந்தப்பட்ட கோளாறு பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த ஒலியாகவும் அதன் மடங்குகளாகவும் கேட்கும். பவர் சப்ளையின் வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் தளர்ந்திருந்தால் 100 ஹெர்ட்ஸ் தூக்கலாக இருக்கும். கைப்பேசியில் ஸ்பெக்ட்ரம் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்ற படம்) காட்டும் செயலி ஒன்று இருந்தால், காதை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் கணினியைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. செட்டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உறுமல் தொடர்ந்தது. ஆனால் அதன் பின்புறம் திருகியிருந்த, கேபிள்காரர் இழுத்துவிட்ட கோஆக்சியல் ஒயரைக் கழற்றிய மறுகணமே ஸ்பீக்கர் அடங்கிவிட்டது. மின்சாரமே இல்லாத பெட்டி எப்படி உறுமலைக் கொண்டுவர முடியும் என்று தோன்றலாம். பெட்டிக்கு அதில் பங்கு ஏதுமில்லை. அதன் உலோக உடல் வெறும் பாலமாக மட்டுமே இருந்தது. கம்பத்துக்குக் கம்பம் ஓடிவரும் அந்த ஒயரின் வெளிப்பின்னல் (நடுக்கம்பியைச் சுற்றியுள்ள உலோக வலை) வழியில் எங்கோ ஓரிடத்தில் பூமியைத் தொட்டிருக்கிறது; எங்கள் ஆம்ப்ளிஃபயரோ மூன்று பின் பிளக் வழியாக, தோட்டத்தில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழியைத் தொடுகிறது. இந்த இரண்டு பூமிகளுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கத்தான் செய்யும். கருவிகளுக்கிடையே பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயரின் வெளிப்பின்னல் இரண்டையும் இணைத்துவிட்டால், அந்தப் பின்னலில் மின்னோட்டம் பாயும். இந்தச் சுற்றுப்பாதையைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். ஆர்சிஏ ஒயரில் அதே பின்னல்தான் பாட்டு சிக்னல் திரும்பும் வழியும் என்பதால், அதில் உண்டாகும் ஓரிரு மில்லிவோல்ட்கூடப் பாட்டோடு கலந்து கேட்கிறது. இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசி பொருத்திய மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தரும் சிக்னலே ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்தான். இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளிலிருந்து தனியாக வரும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயரின் பின்னுள்ள திருகில் மாட்டாமல் விட்டால் உறுமல் உறுதி.

இங்கே பலரும் சொல்லிக்கொடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு: ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவது, அல்லது இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகுவது. உறுமல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் உள்ளே ஒரு ஒயர் உருகிப் பெட்டியின் உடலைத் தொட்டால், 230 வோல்ட் நேராக நம் கைக்கு வரும். மற்ற இரண்டுக்கும் முன்னால் இணைப்புக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பின்னை நீளமாகச் செய்திருக்கிறார்கள்; அதில் கைவைப்பதை என்னால் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

முறையான வழி, எர்த்தில் கைவைக்காமல், சிக்னல் பாதையில் உள்ள உலோகத் தொடர்பைத் துண்டிப்பது. தொலைக்காட்சியிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஆப்டிகல் துளை இருந்தால் அதுவே உத்தமம். ஒளி போகும் இழையில் உலோகம் இல்லாததால் மின்னோட்டத்துக்கு வழியே இல்லை. அது இல்லாதபோது, கார் ஸ்டீரியோ கடைகளில் கிடைக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டரை ஆர்சிஏ ஒயரின் நடுவில் செருகலாம். அதனுள் இருப்பது சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். மலிவானவற்றில் தவில், மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்துவிடும். கோஆக்சியல் ஒயரிலேயே மாட்டும் ஐசோலேட்டர் கிடைத்தால் பாட்டின் தரத்துக்குப் பாதகமில்லை. நான் தேர்ந்தெடுத்தது அதைத்தான். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகச் சொல்வார்கள். வீட்டுக்குள்ளேயே சுற்றும் லூப்புக்கு அது உதவும். வெளியிலிருந்து வரும் கேபிள் ஒயருக்கு உதவாது.

உறுமலுக்குப் பதில் ‘ஜ்ர்ர்’ என்று கூர்மையாக அறுக்கும் சத்தம் கேட்டால், படியில்லாமல் சுழலும் ஃபேன் ரெகுலேட்டரையோ விளக்கு டிம்மரையோ அணைத்துப் பார்த்தால் போதும். மின்னலையை நறுக்கி வேகத்தைக் குறைக்கும் அவற்றின் வேலைதான் அது.

இவை எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் சத்தம் நிற்கவில்லையானால் மட்டுமே குறை ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கிறது. பழைய பெட்டிகளில் வடிகட்டும் கெப்பாசிட்டர்களை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அவற்றில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், மூடியைத் திறக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்.