ஜோடி லேசர் தேடிய கதை

லேசர் டையோடு வேலையில் சேர்ந்ததும் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், வெளியே போன ஒளியைத் திரும்ப உள்ளே விடாதே என்பது. ஃபைபர் முனையில் பட்டுத் திரும்பும் துளி ஒளி போதும், லேசர் தடுமாறிவிடும். அதைத் தடுக்கத்தான் ஐசோலேட்டர். சில வருடங்கள் கழித்து, ரகசியச் செய்தி அனுப்பும் முயற்சிக்காக அதே ஐசோலேட்டரைக் கழற்றிவிட்டு லேசருக்கு எதிரே கண்ணாடி வைக்கும் வேலை வந்தது. கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது.

கண்ணாடி 15 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் ஒளி போய்த் திரும்ப 1 நானோநொடி ஆகும். லேசர் தன்னுடைய பழைய ஒளியோடு தானே மோதிக்கொள்கிறது. 1980-இல் லாங், கோபயாஷி இருவரும் எழுதிய சமன்பாடுகள் இதைத்தான் விவரிக்கின்றன. தாளில் சின்னதாகத்தான் தெரியும். ஒளியின் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் கருவியில் பார்த்தால் ஊசிபோல இருந்த கோடு பல கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு உப்பிக் கிடக்கும்.

கேயாஸ் எனப்படும், விதிப்படி நடந்தும் கணிக்க முடியாத இந்தக் கொந்தளிப்புக்குள் செய்தியை மெலிதாகக் கலந்து அனுப்புவதுதான் திட்டம். மறுமுனையில் அதே மாதிரி இன்னொரு லேசர். வந்த ஒளியை அதற்குள் செலுத்தினால், அது கொந்தளிப்பை அப்படியே பின்தொடரும், செய்தியை அவ்வளவாகப் பின்தொடராது. வந்ததிலிருந்து இதைக் கழித்தால் செய்தி மிஞ்சும். கேயாஸ் அமைப்புகள் இரண்டை ஒத்திசைய வைக்கலாம் என்று பெக்கோராவும் கரோலும் 1990-இலேயே காட்டிவிட்டார்கள்.

"அதே மாதிரி" என்று சொல்வது சுலபம். ஒரே வேஃபரில் (குறைக்கடத்தித் தகட்டில்) பக்கத்துப் பக்கத்தில் வெட்டியெடுத்த லேசர்களே அண்ணன் தம்பி மாதிரிதான், இரட்டையர் இல்லை. 1550 நானோமீட்டர் டிஎஃப்பி லேசரில் (ஒற்றை அலைநீளத்தில் ஒளிரும் வகை) வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே அதிர்வெண் சுமார் 12 கிகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். எங்களுக்குக் காலையில் அழகாகப் பிடித்த ஒத்திசைவு மதியத்தில் கலைந்துபோகும். மின்னோட்டத்தைச் சந்தேகித்தோம், கண்ணாடியைச் சந்தேகித்தோம், ஒருவரையொருவர்கூடச் சந்தேகித்தோம். கடைசியில் பார்த்தால் வெப்பநிலையை அளக்கும் ஒரு தெர்மிஸ்டரின் பசை விட்டுப்போயிருந்தது. இரண்டு வாரம் போச்சு.

என் மனதை உறுத்தியது வேறொன்று. பாதுகாப்பு, பாதுகாப்பு என்று பேசிக்கொண்டிருந்த அந்த அலைவடிவத்தின் தன்தொடர்பை, அதாவது அலை சற்று முந்தைய தன்னோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். சரியாக 1 நானோநொடியில் ஒரு முகடு! ரகசியமாக வைத்திருந்த கண்ணாடித் தூரத்தை ஒளியே ஊருக்குச் சொல்லிவிடுகிறது. பின்னூட்டத்தைக் குறைப்பது, இன்னொரு கண்ணாடி சேர்ப்பது என்று முகட்டை மழுக்க வழிகள் உண்டு. ஆனால் மழுங்கிய முகட்டை நம்பி ரகசியம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

முறை வேலை செய்யாது என்று சொல்லவில்லை. ஏதென்ஸ் நகரத்தில் ஏற்கெனவே போட்டிருந்த 120 கிலோமீட்டர் ஃபைபரில் கிகாபிட் வேகத்தில் செய்து காட்டியதாக 2005-இல் கட்டுரை வந்தது. ஒளியை ஒட்டுக் கேட்பவனுக்குச் சிரமம் கொடுக்கும். ஆனால் ஒன்று, கணித மறையாக்கத்துக்கு மேல் போட்ட இன்னொரு பூட்டாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன், அதற்கு மாற்றாக இல்லை.

அப்புறம் நான் சீரற்ற எண்கள் பக்கம் வந்துவிட்டேன். 2008-இல் கேயாஸ் லேசர்களிலிருந்து நொடிக்கு 1.7 கிகாபிட் சீரற்ற பிட்டுகளை எடுத்துக் காட்டியிருந்தார்கள். அதற்கும் இரண்டு லேசர்கள்தான் வேண்டும். ஆனால் இந்த முறை இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளக்கூடாது, கண்ணாடித் தூரங்களும் வேறுவேறாக இருக்க வேண்டும். பெட்டியில் ஜோடி சேராமல் ஒதுக்கி வைத்திருந்த லேசர்களையெல்லாம் வெளியே எடுத்தேன்.