ஆறு அங்குலக் கண்ணாடி: ஓரம் ஒருவழியாகச் சரியானது

தொலைநோக்கிக்காக வீட்டிலேயே நான் தேய்க்கும் கண்ணாடியின் ஓரம் நேற்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்குச் சரியாகிவிட்டது. இரண்டு மாதமாகப் படுத்தி எடுத்த, விளிம்பு மட்டும் வளைவை விட்டுத் தாழ்ந்துபோன அதே சரிந்த ஓரம்தான். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி குவியும் இடத்தில் பிளேடை வைத்து வளைவைப் பார்க்கும் ஃபூக்கோ சோதனையில் பிளேடை மெல்ல உள்ளே நகர்த்தினேன். கண்ணாடியின் விளிம்பில் தலைமுடி மாதிரி ஓர் ஒளிக்கோடு, இரண்டு பக்கமும் ஒரே அளவில் தெரிந்தது. அதுவரை ஒரு பக்கம் அறுந்தே கிடந்த கோடு அது. போட்டோ எடுத்து, கண்ணாடி தேய்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தூத்துக்குடி அண்ணன் விழித்துத்தான் இருந்தார். "தம்பி, இனி அதைத் தொடாதீங்க. போய்ப் படுங்க" என்றார்.

எஃப் 8 கண்ணாடி, அதாவது குவியத் தூரம் விட்டத்தைப் போல எட்டு மடங்கு. 80 கிரிட் கரடுத் தூளில் தொடங்கி 5 மைக்ரான் மென்தூள் வரை தேய்த்ததில் பெரிய கதை இல்லை. குழிவு 1.2 மில்லிமீட்டர் வந்ததும் நிறுத்தினேன். வம்பெல்லாம் மெருகேற்றும் தட்டில் பூசும் கீலில்தான்.

ரோசினும் விளக்கெண்ணெயும் அண்ணன் சொன்ன அளவில் காய்ச்சியிருந்தேன். அது தூத்துக்குடி வெயிலுக்கான அளவு. கோத்தகிரியில் மார்கழி ராத்திரி எங்கள் வீட்டுக்குள்ளேயே 12 டிகிரி. அங்கே பதமாக நிற்கும் கீல் இங்கே கருங்கல். கண்ணாடியின் வளைவுக்கு அது இணங்கிப் படியவே இல்லை. நான் கையைத்தான் சந்தேகப்பட்டேன். வீச்சைக் குறைத்தேன், அழுத்தத்தைக் குறைத்தேன், கண்ணாடியைக் கீழே வைத்துக் கீல் தட்டை மேலே வைத்தும் பார்த்தேன். ஓரம் அசையவில்லை. கடைசியில் குழுவில் இருக்கும் சேலத்து அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க வீட்டுல இப்ப எத்தனை டிகிரி?"

கீலைச் சுரண்டி எடுத்துப் பழைய சட்டியில் சிறு தீயில் மறுபடி உருக்கினேன். ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் விடுவேன், ஒரு சொட்டு எடுத்து நீரில் போடுவேன். குழாய்த் தண்ணீர் ஆகாது. தேய்க்கும் அறையிலேயே ஒரு மணி நேரம் வைத்திருந்த தண்ணீராக இருக்க வேண்டும். அப்புறம் கட்டைவிரல் நகத்தை ஊன்றி ஐந்து வரை எண்ணுவேன். முதல் மூன்று ஸ்பூனுக்கும் நகம் வழுக்கியது. நான்காவதில் பிறை மாதிரி தடம் விழுந்தது. அதுதான் பதம்.

ஊட்டி பக்கத்து முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே, வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970இல் முடித்தது, அதை மலைச்சரிவிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். சரிவு சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. மலையையே கணக்கில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். நான் இந்த மலையின் குளிரைச் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

வேலை போய்ப் பத்தொன்பது மாதம் ஆகிறது. தேயிலைத் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் இருந்தேன். கோயம்புத்தூருக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பி வந்தால் தூக்கம் வராது. தேய்க்கும் மேடையாக வைத்திருக்கும் டிரம்மைச் சுற்றி நடந்து தேய்க்க ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் மூச்சு சீராகிவிடும். டீக்கடையில் பார்ப்பவர்கள் எல்லோரும் வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள். குழுவில், "ஓரம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. அவர்களில் ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

போன வாரம் என் மகள் கண்ணாடியில் ஒரு நிமிடம் இரண்டு விரலை வைத்து எடுத்தாள். சோதனையில் அந்த இடத்தில் இரண்டு சிறு குன்றுகள் எழும்பி நின்றன. விரல் சூட்டில் கண்ணாடி வீங்கியது அப்படித் தெரிந்தது. மெல்ல மெல்ல அவை அடங்கும் வரை இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மெருகேற்றும் தூளான சீரியம் ஆக்ஸைடு வாங்குபவர்கள் கவனம். ஓரிடத்தில் வாங்கியதில் ஏதோ பெரிய துகள் கலந்திருந்து ஒரே இரவில் ஐந்து கீறல். இப்போது அக்கா அனுப்பிய அரைக் கிலோவில்தான் ஓடுகிறது. தொலைநோக்கிப் பெட்டி செய்ய சில்வர் ஓக் பலகை சொல்லி வைத்திருக்கிறேன். தையில் வானம் தெளியும். அதற்குள் கண்ணாடிக்குக் கடைசியாகத் தர வேண்டிய பரவளைவு வடிவம் முடியுமா தெரியவில்லை, அலுமினியப் பூச்சுக்கும் இன்னும் விசாரிக்கவில்லை.

சரி, தொடாமல்தான் இருந்தேன். இன்று காலை கண்ணாடி நன்றாக ஆறிய பிறகு இன்னொரு முறை பிளேடை நகர்த்திப் பார்த்தேன். கோடு இரண்டு பக்கமும் அப்படியே இருக்கிறது.