ஊருணியிலிருந்து எழும் உடும்பு: 22 வினாடிப் படம், இதுவரை

நான் வரையும் கார்ட்டூனில் ஒரு பையனும் அவன் அப்பத்தாவும் டூரிங் கொட்டகையில் படம் பார்க்கிறார்கள். படத்தின் பெயர் 'ஊருணிப் பூதம்'. வற்றிக் கிடக்கும் ஊருணியிலிருந்து வீட்டைவிட உயரமான உடும்பு ஒன்று எழுந்து வந்து தெருவை இடிக்கும் கதை. ஏவிஎம் சினிமா ஸ்டுடியோ எங்கள் காரைக்குடியில் இருந்து, அப்புறம்தான் சென்னைக் கோடம்பாக்கம் போனது. என் கார்ட்டூன் உலகத்தில் அது இங்கேயே இருந்துவிட்டது. அதனால் இடிபடுவது நம் ஊர் வீடு.

கொட்டகைத் திரையில் 22 வினாடிதான் காட்டப்போகிறேன். ஆனால் அந்தப் பையன் அப்பத்தாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால், அந்த 22 வினாடியும் அசல் பூதப் படமாக இருக்க வேண்டும். முதலில் உடும்பையும் பையனை வரைந்த அதே தூரிகைக் கோட்டில் வரைந்தேன். ஓட்டிப் பார்த்தால் திரை திரையாகவே தெரியவில்லை, கொட்டகையில் ஒரு ஜன்னல் திறந்திருப்பதுபோல் இருந்தது. சரி, மினியேச்சர், அதாவது சின்ன அளவில் மாதிரி வீடு கட்டிப் படம் பிடித்து, அதன்மேல் கரிக்கோலால் வரைவோம் என்று முடிவெடுத்தேன். ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேம் வரைந்தால் மொத்தம் 264 படம்.

அளவு 25-ல் ஒன்று. இதற்குக் காரணம் உண்டு. பெரிய பொருள் விழ நேரமாகும், சின்னப் பொருள் சட்டென்று விழுந்துவிடும். அதை ஈடுகட்ட, அளவின் வர்க்கமூலம் எவ்வளவோ அத்தனை மடங்கு வேகத்தில் படம் பிடிக்க வேண்டும். 25-க்கு 5. சாதாரணமாக வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் இதற்கு 120. என் போனிலேயே 120 இருக்கிறது. அப்படியென்றால் 22 வினாடிக் காட்சி முழுவதும் உண்மையில் நடந்து முடிவது 4.4 வினாடியில்!

முகப்பு ஒரு மீட்டர் அகலம், உடும்பு 60 சென்டிமீட்டர். எட்டு அங்குல ஆத்தங்குடித் தரைக்கல் இந்த அளவில் எட்டு மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் வண்ணச் சிமெண்டை ஊற்றுவதை அரைநாள் நின்று பார்த்தேன். கல்லுக்கு அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்துதான் வருகிறது. எட்டு மில்லிமீட்டரில் அது எனக்குக் கைகூடவில்லை. தாளில் அச்சடித்து வார்னிஷ் பூசி ஒட்டினேன்.

ஊருணிதான் அதிக நாள் எடுத்தது. முதலில் தண்ணீர் வைத்தேன். உடும்பு தலையைத் தூக்கியதும் தெறித்த துளிகள் ஒவ்வொன்றும் அண்டா அளவுக்குத் தெரிந்தன. துளி தன் அளவிலிருந்து சுருங்காது, அதற்கு என்ன செய்தும் பயனில்லை. அப்போதுதான் கதையை வற்றிய ஊருணியாக மாற்றினேன். கண்மாய்க் களிமண்ணைச் சலித்து, கரைத்து, தட்டில் தோசைபோல மெல்லிசாகத் தேய்த்துக் காயவைத்தால் வெடிப்பும் பொடிசாக விழுகிறது. மண் தடித்தால் வெடிப்பு பெரிதாகிவிடும். மூன்றாவது தட்டில் விரல்நகம் அளவுச் சில்லுகள் ஓரம் சுருண்டு நின்றன. சித்திரை மாத ஊருணி அப்படியே தான்.

120 ஃபிரேமுக்கு வெளிச்சம் ஐந்து மடங்கு வேண்டும். பல்பு போட்டால் பதிவாகும் படம் மினுக்குகிறது. அதனால் எங்கள் வளவு முற்றத்தில், உச்சி வெயிலில் எடுத்தேன். அங்கே அப்பத்தா வடகம் காயப்போட்டிருந்தார்.

"ஏம்ப்பா, ஒன் பல்லியைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கக் கூடாதா?"

"பல்லி இல்ல அப்பத்தா, உடும்பு. ரெண்டே நிமிசம்."

வடகத்தை நானே மாடிக்குத் தூக்கிப் போனேன். முகப்புச் சுவரைச் சுண்ணாம்பும் மரத்தூளும் கலந்து வார்த்து, பின்பக்கம் கீறிவைத்திருந்தேன். முதல் இடியில் சுவர் ஒரே பலகையாகச் சாய்ந்தது. கீறலை ஆழமாக்கி, நேராக இல்லாமல் கோணல்மாணலாகப் போட்டதும் இரண்டாவது சுவர் தூண்தூணாகச் சரிந்தது. போனில் ஓட்டிப் பார்த்தபோது எனக்கே வயிறு கலங்கியது. அப்பத்தாவும் பார்த்தார். "அய்யய்யோ, நிலைக்கதவு போச்சே" என்றார். எனக்கு வேண்டியிருந்தது அந்த முகம்தான். அன்று இரவே அதை கார்ட்டூன் அப்பத்தாவுக்கு வரைந்துவிட்டேன்.

குரலுக்கு, 1954-ல் ஜப்பானில் காட்ஜில்லா படத்துப் பூதத்துக்கு இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே செய்தது நினைவுக்கு வந்தது. பிசின் தடவிய தோல் கையுறையால் பெரிய பாஸ் வாத்தியத்தின் தந்தியைத் தேய்த்தார்கள். என்னிடம் அந்த வாத்தியம் இல்லை. கொல்லைக் கிணற்றுக் கப்பி இருக்கிறது, எண்ணெய் கண்டு பல வருடம் ஆனது. வெறும் வாளியை இறக்கிப் பதிவுசெய்து நான்கில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டினேன். கிறீச்சென்ற சத்தம் அடித்தொண்டை உறுமலாக மாறிவிட்டது. முடிவில் வாளி தண்ணீரைத் தொடும் 'தொம்' மட்டும் பொருந்தவில்லை, வெட்டிவிட்டேன்.

264-ல் 140 படம் வரைந்தாயிற்று. உடும்பின் வால் தெருமுனை திரும்பும் இடத்தில் நிற்கிறேன். அங்கே ஒரு தெருவிளக்குக் கம்பம் வேண்டும், அதை இன்னும் செய்யவில்லை.