எப்படி வேணாலும் வந்திருக்கலாம்

நான் அப்படிச் சொல்லி மூன்று மீன்பிடித் தடைக்காலம் போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

"எப்புடிம்மா வந்துச்சு இது?" என்று கேட்டார் அந்த அம்மா. "எப்படி வேணாலும் வந்திருக்கலாம்மா" என்றேன். அவர் திரும்பி மகனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நடந்தது இவ்வளவுதான்.

பாம்பன் பக்கம் விசைப்படகுக்குப் போகிற பையன். வளைகுடாவில் மீன்பிடி வேலைக்கு ஏற்பாடாகியிருந்தது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்தால் அங்கே மெடிக்கலில் அன்ஃபிட். ஏஜெண்டுக்குப் பணம் கட்டுமுன் பார்த்துவிடலாம் என்று வந்தான். டெஸ்ட் கார்டில் இரண்டாவது கோடு, பாசிட்டிவ் என்று காட்டுகிற கோடு, மங்கலாக எழுந்தது. அவன் எட்டிப் பார்த்தபோது கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். கோடு மங்கலாக இருந்தால் நோயும் கம்மி என்று நினைத்துக்கொள்வார்கள், அப்படிக் கிடையாது. அவனிடம் தனியாகத்தான் சொன்னேன். அவனே வெளியே போய் அம்மாவைக் கூட்டி வந்தான்.

நான் சொன்னது பொய்யில்லை. படகில் ஒரே ரேசரைப் பலர் பயன்படுத்துகிறார்கள், திருவிழாவில் பச்சை குத்துகிறார்கள். உடம்புக்கு வெளியே ஏழு நாள் தாங்குகிற வைரஸ் இது. ஒரு டெஸ்டை வைத்து எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் என் மனதில் முதலில் ஓடியது பிரசவ அறைதான். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு மேல் உடம்பே விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு நிலைத்துவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடுகிற தடுப்பூசி அவன் பிறந்த காலத்தில் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. இதை அந்த அம்மா முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அவர் மனம் நோகக்கூடாது என்றுதான் பொதுவாகச் சொன்னேன். அந்தப் பழி மகன் தலையில் போய் விழுந்தது. அவர் என்ன நினைத்தார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

அப்போதே நான் பேசியிருக்கலாம். 'உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துருவோம்மா' என்றால் போதும், காரணமே சொல்ல வேண்டியதில்லை. வெளியே வரிசை நின்றது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வரிசை என்றைக்குத்தான் இல்லை?

ஆறு மாதம் கழித்தும் அவனுக்குப் பாசிட்டிவ்தான். ஈரல் நன்றாக இருக்கிறது, வைரஸ் அளவும் குறைவு. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றார் டாக்டர். "மாத்திரை போட்டா அடியோட போயிருமாக்கா?" என்று என்னிடம் கேட்டான். ஈரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸ் தன் மரபுப்பொருளை ஒரு வளையமாகப் போட்டு வைத்திருக்கும். இதற்குக் கொடுக்கிற டெனோஃபோவிர் மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுக்கும், வளையத்தை எடுக்காது. "நங்கூரம் அப்படியேதான் கிடக்கும், தம்பி. படகு நகராமப் பாத்துக்கலாம்" என்றேன். புரிந்துகொண்டான். அவனிடம் எல்லாவற்றையும் என்னால் பேச முடிகிறது.

அம்மாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். அவருக்கும் இருந்தால், இத்தனை வருஷம் யாரும் பார்க்காத ஈரல் அது. ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்த பிறகே வருகிறவர்களை இங்கே பார்த்திருக்கிறேன்.

அடுத்த தடவை வரும்போது அம்மாவையும் கூட்டிட்டு வா என்று சொல்ல வேண்டும். போன தடவையும் இப்படித்தான் நினைத்திருந்தேன். ரத்தம் எடுத்தேன், பஞ்சை வைத்தேன். "கையை மடக்கி வச்சுக்க" என்று மட்டும் சொன்னேன்.