கூமுட்டை

போன வருஷம் மார்ச் மாதம் முழுக்க எங்கள் வீட்டு டிவியில் சீரியல் ஓடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன, கேபிள் கட் பண்ணிட்டாங்களா?" என்று விசாரிக்கும் அளவுக்கு அமைதி.

ஆரம்பித்து வைத்தவள் என் தங்கச்சி. அவள் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே பிக் பேர் ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு பைன் மரம், 145 அடி உயரத்தில் ஒரு வெண்தலைக் கழுகுக் கூடு, கூட்டுக்குப் பக்கத்திலேயே கேமரா, இருபத்துநாலு மணி நேரமும் நேரலை. பொம்பளை ஜாக்கி, ஆம்பளை ஷேடோ. "முட்டை மூணு இருக்கு அண்ணா, அம்மாவுக்குப் பொழுது போகும், டிவியில போட்டு விடு" என்றாள். போட்டு விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேர் வைத்த கழுகு என்றதுமே அம்மாவுக்கு அது பறவை இல்லை, சம்பந்தி வீடு. முந்தின ரெண்டு வருஷமும் இட்ட முட்டை ஒன்றுகூடப் பொரிக்கவில்லை என்று கேள்விப்பட்டதும், "பாவம் அந்தப் புள்ள" என்று கண் கலங்கிவிட்டார். அன்றிலிருந்து அம்மா ஜாக்கி கட்சி. அப்பா வேறு வழியில்லாமல் ஷேடோ கட்சி.

இந்த இனத்தில் அடைகாப்பது ரெண்டு பேரும் மாறி மாறி. ஷேடோ ஒரு தடவை உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. ஜாக்கி வந்து பக்கத்தில் நிற்கும், முறைக்கும், இடித்துத் தள்ளும். பெண்தான் உருவத்தில் பெரிசு என்பதால் கடைசியில் ஜாக்கிதான் ஜெயிக்கும்.

"பாத்தீங்களா? எழுந்திரின்னு கெஞ்சுனாலும் எழுந்திரிக்காம முட்டை மேல உக்காந்திருக்கு. உங்க பையன் பொறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"ஷிஃப்ட்ல இருந்தேன்."

"அதுவும் ஷிஃப்ட்தான் பாக்குது!"

அப்பா ரிட்டயர்டு ஆகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த மெமோ இது. வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார். அத்தோடு விட்டதா? ஷேடோ ஏரியிலிருந்து ஒரு முழ நீள மீனைத் தூக்கிக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா மேட்டூர் டேம் மீன் என்று உள்ளங்கை அளவு ஜிலேபி மீன் அரைக்கிலோ வாங்கி வந்தார். அம்மா பையைப் பிரித்துப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.

அந்த ஞாயிறுதான், மார்ச் 2, வாழப்பாடியிலிருந்து பெரியப்பா வந்து இறங்கினார். தோட்டத்தில் நாட்டுக்கோழி வளர்க்கிறார். கழுகு, பருந்து, வல்லூறு எல்லாமே அவருக்கு ஒரே இனம்: திருட்டு இனம். சாப்பாட்டு நேரம். அங்கே நடுராத்திரி என்பதால் இருட்டிலும் தெரிகிற கேமராவில் படம் கருப்பு வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடா கண்ணு, பழைய படமா?"

விளக்கினேன். சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏண்டா, கோழிக்குஞ்சு தூக்கற நாயி பெத்துப் பொழைக்கணும்னு வீட்டோட உக்காந்து வேண்டிக்கிட்டு இருக்கீங்களா?"

"அது மீன்தான் மாமா திங்கும்" என்றார் அம்மா. போன வாரம் அது ஒரு நீர்க்கோழியைக் கூட்டில் வைத்து உரித்ததை வசதியாக மறந்துவிட்டார்.

"முட்டை வெச்சு எத்தனை நாளாச்சு?"

"ஜனவரி 22ல முதல் முட்டை. முப்பத்தொம்பது நாள்."

பெரியப்பா ஏப்பம் விட்டார். "கோழிக்கு இருபத்தொரு நாள். முப்பத்தொம்பதுன்னா கூமுட்டைம்மா. எடுத்துக் கடாசச் சொல்லு."

கழுகுக்கு ஐந்து வாரத்துக்கு மேலேயே ஆகும் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கூமுட்டை என்று எங்கள் பக்கத்தில் ஆளையும் திட்டுவோம் என்பதால், அப்பா தன்னைத்தான் சொல்கிறாரோ என்று ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தார். அம்மா ரசம் பாத்திரத்தைப் பெரியப்பாவின் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தார். அண்ணன் வீட்டுக்கு வந்தவருக்கு அன்று மோர் மட்டும்தான் ரெண்டாம் தடவை கிடைத்தது. மன்னிக்கவும், தம்பி வீட்டுக்கு. அப்பாதான் இளையவர், கோபத்தில் எனக்கே முறை மாறுகிறது.

மார்ச் 4, மதியம் ஒரு மணி வாக்கில், அங்கே 3ஆம் தேதி ராத்திரி முடியும் நேரத்தில், ஜாக்கி லேசாக எழுந்தபோது அடியில் ஈரப்பஞ்சு மாதிரி ஒன்று தலையை ஆட்டியது. அம்மா முதலில் செய்தது வாழப்பாடிக்கு ஃபோன்.

"மாமா, உங்க கூமுட்டை ஓட்டை ஒடைச்சுக்கிட்டு வந்துருச்சு!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கோழிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "மத்த ரெண்டு?"

அடுத்தது அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிட்டது. மூன்றாவது 8ஆம் தேதி. அதற்குள் பெரியப்பா பேரனின் ஃபோனில் ரகசியமாகப் பார்க்க ஆரம்பித்திருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. "சின்னது வாய்க்கு எட்டுதா? பெருசு மண்டையில கொத்துதே, பாத்தியா?" என்று தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஃபோன். இடையில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார்கள். அப்பா பென்சிலால் கணக்குப் போட்டு, இனி எல்லாம் ஒரு மணி நேரம் முன்னாடியே நடக்கும் என்று ஆறரைக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இருட்டுக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுகு கடிகாரம் கட்டுவதில்லை என்பது மறுநாள்தான் உறைத்தது.

சினிமாவில் கழுகு வந்தால் வானம் கிழிகிற மாதிரி ஒரு அலறல் வருமே, அது பெரும்பாலும் வேறொரு பருந்தின் குரல். நிஜத்தில் இந்த ராஜகம்பீரம் கத்துவது, குழந்தை மிதித்த ரப்பர் பொம்மை மாதிரி இருக்கும். தலை வெள்ளையாவதற்கும் கிட்டத்தட்ட ஐந்து வயசாக வேண்டும், ஜோடி சேர்வதும் அந்த வயசில்தான். "நாம நரைச்சா டை அடிக்கிறோம், அதுக்கு நரைச்சாத்தான் கல்யாணமே" என்று அப்பா சொன்னார். அந்த மாதத்தில் அவர் அடித்த ஒரே ஜோக். அம்மா சிரிக்கவில்லை, அவர் தலையை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

13ஆம் தேதி அங்கே பனிப்புயல். சேலத்தில் ஃபேன் காற்றே அனலாக அடிக்கிறது. ஜாக்கி குஞ்சுகள் மேல் இறக்கையை விரித்து அசையாமல் உட்கார்ந்திருக்க, முதுகெல்லாம் வெள்ளையாக மூடிக்கொண்டே வந்தது. அம்மா எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.

"ஏம்மா?"

"அதைப் பாத்தாலே எனக்குக் குளிருது."

வியர்த்து ஒழுக நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். வெளியே ஏற்காடு மலை மேலே ஒரு பொட்டு மேகம் இல்லை. என் மனைவி மெதுவாக ஒரு விசிறியை எடுத்தாள். அம்மா பார்த்த பார்வையில் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம், அங்கே விடிந்து இரை ஊட்டும்போது, ரெண்டு தலைதான் தெரிந்தது. அம்மா விரலை நீட்டி எண்ணினார். திரும்ப எண்ணினார். எட்டு மணிக்கு ஃபோன் அடித்தது. அம்மா எடுக்கவில்லை, என்னிடம் தந்தார்.

"பாத்தேன்" என்றார் பெரியப்பா. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம கோழியா இருந்தா இந்நேரம் பஞ்சாரத்தைப் போட்டுக் கவுத்திருப்பேன். அவ்வளவு உசரத்துல யாரு போய்க் கவுக்கறது?"

அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வாழப்பாடியில் கோழி அடித்திருந்தார்களாம், அங்கேயும் மிச்சமாம்.

மிச்சமிருந்த ரெண்டுக்கும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு சன்னி, கிஸ்மோ என்று பேர் வைத்தார்கள். பெரியப்பா வாயில் கிஸ்மோ நுழையவில்லை, கிச்சு ஆகிவிட்டது. ஜூன் மாதம் ரெண்டும் பறந்து போனதும் அம்மா ஒரு வாரம் காலிக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சீரியலுக்குத் திரும்பினார். மூன்று மாதக் கதை போனதில் அவருக்கு ஒன்றும் புரியாமல் போகவில்லை. அதே மாமியார் அதே பாலில்தான் விஷம் கலந்துகொண்டிருந்தாராம்.

போன வாரம் பெரியப்பாவைப் பார்க்க வாழப்பாடி போயிருந்தோம். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, தாய்க்கோழி ஒரு மாதிரி கத்தியது. தென்னை மரத்துக்கு மேலே ஒரு கரும்பருந்து வட்டமடித்தது. பெரியப்பா டம்ளரை வைத்தார், பஞ்சாரத்தை எடுத்துக் குஞ்சுகள் மேல் கவிழ்த்தார், ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"டேய் ஷேடோ! வந்துட்டியாடா திருட்டு நாயே! போன வாரம்தானடா ரெண்டைத் தூக்கிட்டுப் போன!"

கல் தென்னை மட்டையில் பட்டு அப்பாவின் பைக் மேல் விழுந்தது.