62 மார்க் என்பது ‘டி’ கிரேடு அல்ல: பாதியில் விட்ட டிகிரியை மாசசூசெட்ஸில் தொடர்ந்த அனுபவம்

ஒருவழியாகப் போன வாரம் கல்லூரியிலிருந்து மதிப்பீட்டுக் கடிதம் வந்துவிட்டது. ஊரில் நான் படித்த இரண்டு வருட பி.எஸ்சி. விலங்கியலுக்கு 51 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பலகு) கொடுத்திருக்கிறார்கள். இதே கல்லூரி முதலில் தருகிறேன் என்று சொன்னது 18. இந்த 18க்கும் 51க்கும் நடுவில் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். கல்யாணத்துக்காகப் படிப்பைப் பாதியில் விட்டு, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இங்கே வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு “நாம் மீண்டும் படித்தால் என்ன” என்று யோசிக்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவும்.

மாசசூசெட்ஸில் சின்னச் சின்னக் கத்தோலிக்கக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. வொர்செஸ்டரில் மட்டும் இயேசு சபையினர் 1843இல் தொடங்கிய ஹோலி கிராஸ் இருக்கிறது, 1904இல் தொடங்கிய அசம்ப்ஷன் இருக்கிறது. ஈஸ்டனில் 1948இல் வந்த ஸ்டோன்ஹில். எல்லாவற்றிலும் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். பட்டத்துக்கு 120 கிரெடிட் அல்லது அதற்கு ஈடான பாடங்கள். அதில் ஒரு பெரிய பங்கு எல்லாரும் படிக்க வேண்டிய ‘கோர்’: தத்துவம், இறையியல், இலக்கியம், வரலாறு, அயல்மொழி, கணிதம், அறிவியல். அதற்கு மேல் மேஜர் என்ற முதன்மைப் பாடம், மிச்சம் எலெக்டிவ் என்ற விருப்பப் பாடங்கள். நான் எந்தக் கல்லூரியில் சேர்ந்தேன் என்று சொல்லவில்லை. அங்கே எனக்கு நல்லது செய்தவர்களும் உண்டு, அலைய விட்டவர்களும் உண்டு.

விண்ணப்பம் போட்டது, கட்டுரை எழுதியது, நேர்காணல் எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தன. முதல் முட்டுக்கட்டை விசா. அட்மிஷன் கவுன்ட்டரில் இருந்தவர், “அமெரிக்கக் குடிமகள் இல்லையென்றால் ஐ-20 வேண்டும், எஃப்-1க்கு மாறிவிட்டு வாருங்கள்” என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஐ-20 என்பது எஃப்-1 மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம். அவர் சொன்னது தவறு. எச்-4இல் இருப்பவர் பகுதி நேரமாகவோ முழு நேரமாகவோ படிக்கலாம், ஐ-20 தேவையே இல்லை. நான் எவ்வளவு சொல்லியும் அவர் திரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் எந்தக் கல்லூரியிலும் டி.எஸ்.ஓ. என்று ஓர் அதிகாரி இருப்பார். கவுன்ட்டரில் வாதாடாமல் நேராக அவரிடம் போங்கள். என் ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), ஐ-797 (விசா நிலைக்கான ஒப்புதல் கடிதம்) இரண்டையும் பார்த்துவிட்டு அவர் ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த மின்னஞ்சலை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு வேறு இரண்டு கவுன்ட்டர்களில் அதைக் காட்ட வேண்டி வந்தது.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட். இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஊரில் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்குத் தம்பியை அனுப்பினேன். “டிஸ்கன்டினியூ பண்ணவங்களுக்கு டிரான்ஸ்கிரிப்ட் கிடையாது தம்பி, கோர்ஸ் முடிச்சவங்களுக்குத்தான்” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுதிய செமஸ்டர்களுக்கு மதிப்பெண் பட்டியல் இருக்கும்போது அதற்குச் சான்று தர முடியாது என்பது நியாயமில்லை. கல்லூரி முதல்வரிடம் ஒரு கடிதம், டி.சி. நகல், எல்லா மார்க் ஷீட்டின் நகல், பல்கலைக்கழகம் சொன்ன பெயரில் எடுத்த டி.டி. எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி கொடுத்த பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள். சரி, வந்துவிட்டது என்று பார்த்தால், உறையின் மேல் ஒட்டிய இடத்தில் முத்திரையும் இல்லை கையெழுத்தும் இல்லை. இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நிராகரித்துவிட்டது. “அக்கா, சீல் இல்லேன்னா வாங்க மாட்டாங்களாமே, நான் திரும்பப் போய்ட்டு வாரேன்” என்று தம்பி வேலைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினான். கவுன்ட்டரை விட்டு நகரும் முன்பே உறையைத் திருப்பிப் பாருங்கள். மடிப்பின் குறுக்கே முத்திரையும் கையெழுத்தும் இரண்டு பக்கமும் பட வேண்டும்.

இந்த உறை வருவதற்குள் கல்லூரி ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் ஒரு பெண்மணி, “மார்க் ஷீட் நகலை வைத்தே தோராயமாகச் சொல்கிறேன்” என்று உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த 18 வந்தது. மாற்றிச் சேர்பவர்களுக்கு ‘சி’ கிரேடுக்குக் குறைந்த பாடத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே பள்ளிக்கூடக் கணக்கில் 62 என்றால் ‘டி’. என்னுடைய 62, 65, 68 எல்லாவற்றையும் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். எங்கள் ஊரில் 40 வாங்கினால் தேர்ச்சி, 60 வாங்கினால் முதல் வகுப்பு என்று சொன்னேன். “எங்களிடம் அப்படி ஒரு அட்டவணை இல்லை” என்றார். வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வந்த பேப்பரை ‘டி’ என்று ஒருவர் என் கண் முன்னால் அடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எனவே தோராயக் கணக்கு போட யாரையும் விடாதீர்கள். வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பான நேசஸில் உறுப்பினராக உள்ள நிறுவனத்திடம் மதிப்பீடு வாங்கி அதை மட்டும் கொடுங்கள். அதிலும் இரண்டு வகை உண்டு. ‘இவர் இத்தனை வருடம் படித்திருக்கிறார்’ என்று பொதுவாகச் சொல்வது விலை குறைவு, ஆனால் நம் தேவைக்கு உதவாது. பாடம் பாடமாக கிரெடிட்டும் கிரேடும் போட்டுத் தருவதுதான் வேண்டும். என் அறிக்கையில் 60க்கு மேல் வாங்கிய எல்லாமே ‘ஏ’ என்று வந்தது. அதைக் கொண்டுபோய் அதே மேசையில் வைத்தேன். அந்தப் பெண்மணி இரண்டு முறை படித்துவிட்டு, “ஓ” என்றார். 51 ஆனது அன்றைக்குத்தான்.

ஆனால் பிரச்சினை அதோடு முடியவில்லை. கிரெடிட்டை ஏற்றுக்கொள்வது வேறு, அதை எந்தக் கணக்கில் வைப்பது என்பது வேறு. 51இல் முக்கால்வாசியை ‘பொது எலெக்டிவ்’ என்று போட்டுவிட்டார்கள். எலெக்டிவுக்கு இருக்கும் இடமே கொஞ்சம்தான், அது நிரம்பிய பிறகு மிச்சமெல்லாம் வெறும் எண். கோரிலோ மேஜரிலோ சேர்த்தால்தான் கட்டணமும் செமஸ்டரும் மிச்சமாகும். இதை முடிவு செய்வது ரெஜிஸ்ட்ரார் அல்ல, அந்தந்தத் துறைத் தலைவர். சின்னக் கல்லூரியின் பெரிய நன்மை இங்கேதான். துறைத் தலைவரின் அறைக் கதவு திறந்திருக்கும், நேரில் போய் உட்காரலாம்.

உயிரியல் துறையில் ஆய்வகம் ஒரு சிக்கல். இங்கே அறிவியல் பாடம் என்றால் வகுப்பும் ஆய்வகமும் சேர்ந்து பெரும்பாலும் 4 கிரெடிட். நம் ஊரில் பிராக்டிகல் தனித் தேர்வு, அறிக்கையிலும் அது தனி வரியாக ஒதுங்கிக் கிடந்தது. “நீங்கள் ஆய்வகத்தில் என்ன செய்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்று துறைத் தலைவர் கேட்டார். கேள்வி நியாயம்தான். அம்மா பரணிலிருந்து என் ரெக்கார்டு நோட்டுகளை எடுத்து கூரியரில் அனுப்பினார். பழுப்புத் தாள் அட்டை, உள்ளே கல்லூரி முத்திரை, தேர்வாளர் இருவரின் கையெழுத்து. துறைத் தலைவரான அந்த அம்மையார் கரப்பான் பூச்சியின் நரம்பு மண்டலம் வரைந்த பக்கத்தில் நின்றுவிட்டார். பென்சிலில் வரைந்து ஒவ்வொரு நரம்பு முடிச்சுக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதியிருந்தேன். “இதை நீங்களே அறுத்துப் பார்த்து வரைந்தீர்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். முதலாண்டு உயிரியலின் இரண்டு பாடங்களையும் ஆய்வகத்தோடு சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

பட்டப்படிப்பில் மொழிப்பாடமாகப் படித்த ‘பகுதி ஒன்று’ தமிழுக்கு இன்னும் பெரிய போராட்டம். “தாய்மொழியை அயல்மொழிப் பாடமாகக் காட்ட முடியாது” என்றார்கள். நான்கு செமஸ்டர் படித்தது பேச்சுத் தமிழ் இல்லை, இலக்கியம் என்பதைப் புரியவைக்க சிலபஸ் முழுவதையும் நானே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போனேன். பக்தி இலக்கியம், காப்பியம், சங்கப் பாடல்கள். காப்பியத்தின் கீழ் தேம்பாவணி இருந்தது. மொழித்துறைத் தலைவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. வளனாரின், அதாவது புனித சூசையப்பரின் கதையை, இத்தாலியிலிருந்து வந்த ஓர் இயேசு சபைத் துறவி 3 காண்டம், 36 படலம், 3615 பாடல்களில் தமிழில் பாடியிருக்கிறார் என்று வீரமாமுனிவரைப் பற்றிச் சொன்னேன். துறைத் தலைவர் பக்கத்து அறையில் இருந்த இறையியல் பேராசிரியரைக் கூப்பிட்டார். அவர் ஒரு பாதிரியார். இருவரும் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள், நினைவில் இருந்த இரண்டு மூன்று பாடல் வரிகளைச் சொல்லிப் பொருளும் சொன்னேன். அயல்மொழி விலக்கும் கிடைத்தது, இலக்கியப் பாடம் ஒன்றும் கழிந்தது. அன்று வீட்டுக்குக் காரோட்டி வரும்போது இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

இறையியலுக்கும் தத்துவத்துக்கும் மட்டும் எந்த வழியும் இல்லை, அவற்றை அங்கேயேதான் படிக்க வேண்டும். “மதம் மாற்றிவிடுவார்களா?” என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்னை யாரும் பூசைக்கு வரச் சொன்னதில்லை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக 1990இல் இரண்டாம் ஜான் பால் திருத்தந்தை வெளியிட்ட ஆவணமே மற்ற மதத்தவரின் மனச்சாட்சி உரிமையை மதிக்கச் சொல்கிறது. இறையியல் வகுப்பு என்பது வாசிப்பு, விவாதம், கட்டுரை. அகஸ்தீனார் சிறுவயதில் பசியே இல்லாமல் பேரிக்காய் திருடியதைப் பற்றி ஒரு வகுப்பு முழுக்கப் பேசினோம். மேசையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க முடியாது.

தடுப்பூசிச் சான்றை யாரும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். இந்த மாநிலத்தில் முழு நேர மாணவர்களுக்கு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா), மஞ்சள் காமாலை பி, டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான்), சின்னம்மை எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும். நம் தலைமுறையில் யாரிடம் அட்டை இருக்கிறது? ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருப்பது தெரிந்தால் எம்.எம்.ஆர்., காமாலை, சின்னம்மைக்கு அதுவே போதும். இதைச் சுகாதார அலுவலகத்தில் யாரும் தானாகச் சொல்லவில்லை, “ஊசிகளை முதலிலிருந்து போட்டுக்கொண்டு வாருங்கள்” என்று அனுப்பப் பார்த்தார்கள். அந்த ரத்தப் பரிசோதனையை ‘டைட்டர்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பணம். எச்-4க்கு ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் மூலம் வரும் அரசு உதவி கிடையாது. நிதி அலுவலகத்தில் “ஃபாஃப்சா இல்லையா, அப்போது எதுவும் இல்லை” என்று முடித்துவிடுவார்கள். ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை. கல்லூரியின் சொந்தப் பணத்தில் தரும் உதவி தனி, மாற்றிச் சேர்பவர்களுக்கான மதிப்பெண் உதவித்தொகை தனி. இந்தக் கல்லூரிகளில் அச்சிட்ட கட்டணத்தை முழுதாகக் கட்டுபவர்கள் குறைவு. எழுத்தில் கேட்டேன், கிடைத்தது. வளாக வேலை மட்டும் நமக்குக் கிடையாது, வேலை அனுமதி அட்டை இருந்தாலொழிய.

சேருவதற்கு முன் இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். ஒன்று, மேல்நிலைப் பாடங்கள் எந்த செமஸ்டரில் வரும் என்ற இரண்டு வருட அட்டவணை. துறையில் ஐந்தாறு பேர்தான் ஆசிரியர்கள், சில பாடங்கள் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் வரும். தவறவிட்டால் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, கல்லூரியின் நிதி நிலையும் அங்கீகாரமும். நியூயார்க் மாநிலத்து அல்பனியின் செயின்ட் ரோஸ் கல்லூரியும் பென்சில்வேனியாவின் கப்ரீனி பல்கலைக்கழகமும் 2024இல் மூடப்பட்டன, இரண்டும் இதே மாதிரிச் சின்னக் கத்தோலிக்க நிறுவனங்கள். நீங்கள் எடுக்கப் போகும் மேஜரை நிறுத்தும் எண்ணம் இருக்கிறதா என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்கு இன்னும் ஒன்று பாக்கி. துணைப்பாடமாகப் படித்த வேதியியலை இன்னும் எலெக்டிவிலேயே வைத்திருக்கிறார்கள். அதன் சிலபஸில் பல்கலைக்கழக முத்திரை வாங்கத் தம்பி திங்கட்கிழமை போகிறான். வந்ததும் வேதியியல் துறைத் தலைவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன், வேதியியல் ரெக்கார்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.