குடியாத்தத்தின் இரண்டு எம்.எல்.ஏ.க்கள்: இரட்டை உறுப்பினர் தொகுதி முடிவுகளை எப்படிப் படிப்பது

குடியாத்தம் சட்டமன்றத் தொகுதியின் பழைய முடிவுகளைப் புரட்டினால் 1952-க்கு நேரே இரண்டு பெயர்கள் இருக்கும்: ஏ. ஜே. அருணாசல முதலியார், ரத்தினசாமி. 1957-க்கு நேரேயும் இரண்டு: கம்யூனிஸ்ட் கட்சியின் வி. கே. கோதண்டராமன், காங்கிரஸின் டி. மணவாளன். நடுவே 1954-ல் காமராஜர். இதை அச்சுப்பிழை என்று நினைத்து ஒரு பெயரை அடித்துவிடுகிறவர்கள் உண்டு. ஒருவர் வென்றார், மற்றவர் இரண்டாமிடம் வந்தார் என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. இருவரும் முழு உறுப்பினர்கள். ஒரே தொகுதி, ஒரே வாக்காளர்கள், சட்டமன்றத்தில் இரண்டு நாற்காலிகள்.

1952-ல் சென்னை மாநிலத்தில் 309 தொகுதிகளுக்கு 375 உறுப்பினர்கள். அதாவது 66 தொகுதிகள் இரட்டை. ஆந்திரம் பிரிந்து, மொழிவழி எல்லைகள் வகுக்கப்பட்ட பிறகு வந்த 1957 தேர்தலில் 167 தொகுதிகளுக்கு 205 உறுப்பினர்கள். அதில் 38 இரட்டை. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அரசியல் சட்டம் ஒதுக்கிய இடங்களைத் தனியே பிரிக்காமல், பெரிய தொகுதி ஒன்றில் ஒரு பொது இடமும் ஒரு தனி இடமுமாகச் சேர்த்து வைத்த ஏற்பாடு இது. வாக்காளர் பட்டியல் எல்லோருக்கும் பொது. தனி இடத்துக்கு நிற்பவரையும் ஊர் முழுக்கத்தான் தேர்ந்தெடுத்தது.

வாக்குப்பதிவு எப்படி நடந்தது என்று தெரியாமல் எண்களைத் தொடக்கூடாது. அப்போது முத்திரை குத்தும் முறை கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் அவருடைய சின்னம். திரை மறைவுக்குள் போய், தனக்குப் பிடித்த வேட்பாளரின் பெட்டியில் வாக்குச்சீட்டைப் போட வேண்டும். இரட்டைத் தொகுதி என்றால் வாக்காளர் கையில் இரண்டு சீட்டு. இரண்டையும் வெவ்வேறு பெட்டியில் போட வேண்டும். 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 63-வது பிரிவு இதில் கறார்: ஒரே வேட்பாளருக்கு இரண்டு சீட்டையும் போட்டால் ஒன்றுதான் கணக்கில் சேரும், மற்றது செல்லாது. ஒரு சீட்டை மட்டும் போட்டுவிட்டு இன்னொன்றைப் போடாமல் வரவும் முடியும். இரண்டையும் பொது வேட்பாளர்களுக்கே போடலாம், இரண்டையும் தாழ்த்தப்பட்ட வேட்பாளர்களுக்கே போடலாம். பொது இடத்துக்கு ஒரு சீட்டு, தனி இடத்துக்கு ஒரு சீட்டு என்ற பிரிவினை எதுவும் இல்லை. இதைக் கவனிக்காததால்தான் பிற்காலக் கணக்குகளில் பாதிக் குழப்பம்.

வெற்றியை அறிவிக்கும் வரிசை அதே சட்டத்தின் 54-வது பிரிவில் இருந்தது. தனி இடத்துக்குத் தகுதி உள்ளவர்களில் யார் அதிக வாக்கு வாங்கினாரோ அவரை முதலில் அறிவிக்க வேண்டும். அதன் பிறகு மிச்சம் இருக்கும் எல்லா வேட்பாளர்களிலும் அதிக வாக்கு வாங்கியவருக்குப் பொது இடம்.

கற்பனையாக ஒரு முடிவை வைத்துப் பார்ப்போம். பொது வேட்பாளர்கள் இருவர்: 30,000, 29,000. தாழ்த்தப்பட்ட வேட்பாளர்கள் இருவர்: 22,000, 20,000. முதலில் 22,000 வாங்கியவர் உறுப்பினர் ஆகிறார், அடுத்து 30,000 வாங்கியவர். 29,000 வாங்கியவர் தோற்கிறார். பட்டியலை மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு இது அநியாயமாகத் தெரியும். ஆனால் 22,000 வாங்கியவர் போட்டியிட்டது 20,000 வாங்கியவருடன், வித்தியாசம் 2,000. பொது இடத்தில் வித்தியாசம் 1,000. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே கழித்து ‘வாக்கு வித்தியாசம்’ என்று ஒரே ஒரு எண் போட்டிருக்கும் அட்டவணையை நம்பவே வேண்டாம். பல சமயம் அந்த எண் வென்ற இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளியாகத்தான் இருக்கும். அதற்குத் தேர்தலில் எந்த அர்த்தமும் இல்லை.

சதவீதம் இதைவிட மோசமாக ஏமாற்றும். மேலே சொன்ன கணக்கில் பதிவான வாக்குகள் 1,01,000. முதலிடம் வந்தவர் பெற்றது அதில் 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் வந்த வாக்காளர்கள் எல்லோரும் இரண்டு சீட்டையும் முறையாகப் போட்டிருந்தால் வந்தவர்கள் 50,500 பேர்தான். அவர்களில் 59 சதவீதம் பேர் அவருக்குப் போட்டிருக்கிறார்கள். செல்வாக்கே இல்லாமல் 30 சதவீதத்தில் தப்பித்தவர் என்று எழுதினால் உண்மைக்கு நேர் எதிராகப் போய்விடும். அதேபோல் மொத்த வாக்குகளை வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்தால், வாக்குப்பதிவு 100 சதவீதத்தைத் தாண்டிக்கூட நிற்கும். இரண்டால் வகுத்தால் கிடைப்பது குறைந்தபட்ச எண்ணிக்கை. ஒற்றைச் சீட்டு மட்டும் போட்டவர்கள் எத்தனை பேர் என்பது மொத்தத்திலிருந்து தெரியாது. எனவே வாக்குப்பதிவு சதவீதத்தை ‘குறைந்தது இவ்வளவு’ என்று எழுதுவதே நேர்மை.

மாநில அளவில் கட்சிகளின் வாக்கு சதவீதத்தை 1957-க்கும் 1962-க்கும் ஒப்பிடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 1957 மொத்தத்தில் இரட்டைத் தொகுதி வாக்காளர் இரண்டு முறை எண்ணப்படுகிறார், மற்றவர் ஒரு முறை. இரட்டைத் தொகுதிகளில் இரண்டு வேட்பாளரை நிறுத்திய கட்சிக்குக் கூடும்; ஒருவரை மட்டும் நிறுத்திய கட்சிக்குக் குறையும். இன்னொன்று: 1957-ல் தி.மு.க.வுக்குத் தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் இல்லை. அதன் வேட்பாளர்கள் அதிகாரபூர்வ அறிக்கையில் சுயேச்சைகளாகவே இருப்பார்கள்.

எக்செல் ஷீட் போடுகிறவர்களுக்கு ஒரு யோசனை: தொகுதிக்கு ஒரு வரி என்று வைக்காதீர்கள், இடத்துக்கு ஒரு வரி வையுங்கள். ‘குடியாத்தம் பொது’, ‘குடியாத்தம் தனி’. வேட்பாளர் எந்த இடத்தில் அறிவிக்கப்பட்டார் என்பதற்கு இன்னொரு நெடுவரிசை வேண்டும்.

அப்படி வைத்தால் 1954 தானாகவே சரியான இடத்தில் உட்காரும். ஏப்ரல் 1954-ல் காமராஜர் முதலமைச்சர் ஆனபோது சட்டமன்ற உறுப்பினர் இல்லை. ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்திலோ மேலவையிலோ உறுப்பினர் ஆக வேண்டும். அருணாசல முதலியார் தன் இடத்தைத் துறந்தார். காலியானது ஓர் இடம் மட்டுமே. ரத்தினசாமியின் இடம் அப்படியே தொடர்ந்தது. ஆகவே அந்த இடைத்தேர்தலில் வாக்காளருக்கு ஒரே சீட்டு. 1952-ல் அதே தொகுதியில் பதிவான வாக்குகளோடு ஒப்பிட்டு ‘வாக்குகள் பாதியாகச் சரிந்தன’ என்று சொல்லிவிடக் கூடாது. காமராஜரை எதிர்த்து நின்ற கோதண்டராமன்தான் 1957-ல் அங்கே வென்றவர். இந்தக் கதையில் அருணாசல முதலியார் பெயர் எல்லோருக்கும் தெரியும். ரத்தினசாமியையும் மணவாளனையும் அதே அளவு நினைவில் வைத்திருக்க வேண்டியது நம் கடமை என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்த முறையை உலுக்கிய வழக்கு ஆந்திரத்தின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியிலிருந்து வந்தது. 1957-ல் அந்த இரட்டைத் தொகுதியில் வி. வி. கிரி நின்றார், பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர். முதல் இரண்டு இடங்களிலும் பழங்குடி வேட்பாளர்கள் வந்தார்கள். ஒருவருக்குத் தனி இடம், இன்னொருவரான சூரி தோராவுக்குப் பொது இடம். கிரி சில நூறு வாக்குகளில் தோற்று உச்ச நீதிமன்றம் வரை போனார். தனி இடத்துக்கு மனு போட்டவர் பொது இடத்துக்கான தகுதியை இழப்பதில்லை என்று 1959-ல் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் எழுத்தையும் நோக்கத்தையும் பார்த்தால் அதுதான் சரியான தீர்ப்பு.

இரண்டு ஆண்டுகளில் அந்த முறையே ஒழிந்துபோனது. 1961-ம் ஆண்டு இரட்டை உறுப்பினர் தொகுதிகள் ஒழிப்புச் சட்டப்படி ஒவ்வொரு இரட்டைத் தொகுதியும் இரண்டாக வெட்டப்பட்டது. தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர் அதிகம் வாழும் பாதி தனித்தொகுதி ஆனது. 1962-ல் 206 தொகுதிகள், 206 உறுப்பினர்கள். ஆகவே 1962-ன் குடியாத்தம் 1957-ன் குடியாத்தம் அல்ல, பெயர்தான் ஒன்று. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் தொகுதி வரையறை ஆணைகளை எடுத்து, எந்தெந்த பிர்க்கா (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்த் துறை உள்வட்டம்) எந்தப் பக்கம் போனது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, வெட்டப்பட்ட இன்னொரு பாதியின் முடிவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.